கோடி வருஷம்: யார் கண்டது?

இரண்டு வாரத்திற்கு முன் இப்பகுதியில் இமயமலை சமுத்திரத்திற்கு அடியிலிருந்து எழுந்தது என்று எழுதியிருந்தோம். அதைப் படித்த நேயர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "ஐந்து கோடி வருஷம், பத்துக் கோடி வருஷம் என்று கொஞ்சமும் கூசாமல் எழுதுகிறீர்களே! அப்போது அங்கே இருந்து பார்த்தவர் யார்?" என்பது அவருடைய கேள்வி. கேள்வியில் சிறிது கேலி கலந்திருக்கிறது. ஆயினும் அது நியாயமான கேள்விதான். பெரிய எண்களைக் கேட்டவுடன் வாயைப் பிளந்து நம்பிவிடுகிறவர்களைவிட, "யார் கண்டது?" என்று கேட்கிறவரே சாஸ்திரத்திற்கு நெருங்கிய உறவினர்.

இந்தக் கேள்விக்கு நமது தேசத்துத் தர்க்க சாஸ்திரத்தில் எப்போதோ இடம் வைத்திருக்கிறார்கள். கண்ணால் காண்பது பிரத்தியட்சம். கண்டதைக் கொண்டு காணாததை அறிவது அனுமானம். தூரத்து மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே தீ இருக்க வேண்டும். அடுப்பங்கரையில் புகையும் தீயும் சேர்ந்திருப்பதை நாம் தினந்தோறும் பார்த்திருக்கிறோம் அல்லவா? பூகர்ப்ப சாஸ்திரம் முழுவதும் இந்த அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் தர்க்கம் படித்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். மலையில் தெரிவது புகைதானா, அல்லது மூடுபனியா என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். மூடுபனியைப் புகையென்று எண்ணிவிட்டால் பிறகு செய்யும் அனுமானமெல்லாம் பாழ். கற்களைப் படிக்கிறவர்களுடைய சிரமம் எல்லாம் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

வீட்டிலேயே கிடைக்கக் கூடிய ஓர் உதாரணத்திலிருந்து தொடங்குவோம். பல குடும்பங்களில் பூஜையில் வைத்திருக்கும் சாளக்கிராமத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். நேபாளத்தில் கண்டகி நதியில், முக்திநாத்தை அடுத்த மலைப் பிரதேசத்தில் அகப்படும் கறுப்புக் கல் அது. அவற்றில் பலவற்றின் உள்ளே சக்கரம் போன்ற சுருள் ஒன்று, வரிவரியாகச் செதுக்கியது போல், அமைந்திருக்கும். பக்தர்களுக்கு அது திருமாலின் சக்கரம். அதைப் பற்றி நாம் இங்கே ஒன்றும் சொல்வதற்கில்லை. பூகர்ப்ப சாஸ்திரிகள் அதே சுருளைப் பார்த்து, "இது அம்மோனைட் என்னும் கடற்பிராணியின் ஓடு" என்கிறார்கள். எப்படிச் சொல்கிறார்கள்? அம்மோனைட் இன்று உலகில் எங்கும் உயிரோடு இல்லை. ஆனால் அதற்குத் தூரத்துத் தாயாதியான நாட்டிலஸ் என்ற பிராணி, பசிபிக் சமுத்திரத்திலும் இந்து மகா சமுத்திரத்தின் கீழ்ப்பகுதியிலும் இன்றும் நீந்திக்கொண்டிருக்கிறது. அதன் ஓட்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே சிறு சிறு அறைகள் வரிசையாக இருக்கின்றன. பிராணி கடைசி அறையில் குடியிருக்கிறது. காலியான அறைகளில் காற்றை நிரப்பிக்கொண்டு மிதக்கிறது. சாளக்கிராமத்துச் சுருளிலும் அதே மாதிரி அறைகள், அதே மாதிரித் தடுப்புச் சுவர்கள். நன்னீரில் வாழும் எந்தப் பிராணிக்கும் இப்படிப்பட்ட ஓடு கிடையாது. ஆகவே பனி மூடிய அந்த மலைப் பிரதேசம் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த சேறு. அந்தக் கடலுக்கு டெதிஸ் என்று பெயர் வைத்தவர் எட்வர்ட் ஸூஸ் என்ற ஆஸ்திரியப் பேராசிரியர். வைத்த வருஷம் 1893.

கல்லுக்குள் இருப்பது ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பிராணிதான் என்பதை மேல்நாட்டார் ஒப்புக்கொள்வதற்கே வெகு காலம் ஆயிற்று. 1666-ல் இத்தாலியில் லிவோர்னோவுக்கு அருகே பிடிபட்ட பெரிய சுறா ஒன்றின் தலையை, பிளாரன்ஸ் நகரில் ஸ்டெனோ என்ற டேனிஷ் வைத்தியர் அறுத்துப் பார்த்தார். பாறைகளில் கிடைக்கும் "நாக்குக் கற்கள்" என்று ஜனங்கள் மந்திரத்திற்கும் விஷக்கடிக்கும் வைத்துக்கொண்டிருந்த கற்களும், இந்தச் சுறாவின் பற்களும் அச்சில் வார்த்தது போல் ஒன்றாக இருந்தன. அங்கிருந்து புறப்பட்ட ஸ்டெனோ, 1669-ல் ஒரு சிறு நூலில், நீரில் படிந்த அடுக்குகளில் கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்ற விதியைச் சொன்னார். வீட்டு அலமாரியில் பழைய வாரப் பத்திரிகைகளை அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்த விதியை விளக்க வேண்டியதில்லை. அடியில் இருப்பது போன தீபாவளி. மேலே இருப்பது இந்த வாரம். வீட்டுக் குழந்தைகள் நடுவில் கையைவிட்டு இழுத்திருந்தால் மட்டும் வரிசை குலையும். அந்தக் குழந்தைகளின் வேலையை பூமியில் மலைகள் செய்கின்றன. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

இங்கிலாந்தில் வில்லியம் ஸ்மித் என்பவர் கால்வாய் வெட்டுவதற்காக நிலத்தை அளந்துகொண்டிருந்தவர். பெரிய படிப்பு ஒன்றும் இல்லாதவர். வெட்டிய இடமெல்லாம் ஒவ்வோர் அடுக்கிலும் அதற்கே உரிய கிளிஞ்சல்கள் இருப்பதையும், ஊருக்கு ஊர் அந்த வரிசை மாறாமல் இருப்பதையும் அவர் கவனித்தார். பத்திரிகையின் அட்டை கிழிந்து தேதி போய்விட்டாலும், உள்ளே ஓடும் தொடர்கதையைப் பார்த்து எந்த வருஷத்து இதழ் என்று வீட்டுப் பெண்மணிகள் சொல்லிவிடுவார்கள் அல்லவா? அதே உபாயந்தான். கிளிஞ்சல்தான் தொடர்கதை. 1815-ல் அவர் வெளியிட்ட தேசப்படம் இந்தச் சாஸ்திரத்திற்கு அஸ்திவாரம்.

இந்த உபாயம் நமது தமிழ் நாட்டில் எப்படி நடந்தது என்பதைச் சொன்னால் விஷயம் இன்னும் தெளிவாகும். அதற்கு உலகத்தின் சிறந்த இடங்களுள் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவில், இன்று பெரம்பலூர், அரியலூர் என்று பிரிந்திருக்கும் பகுதியில், வெளியூர்க்காரர் எவரும் இறங்கிப் பார்க்க மாட்டாத சோளக் காடுகளும் பருத்திக் காடுகளுமே அந்த இடம். 1840-களில் கே, கன்லிப் என்ற இரண்டு கனவான்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் பொறுக்கிய கிளிஞ்சல்களை லண்டனுக்கு அனுப்ப, 1846-ல் எட்வர்ட் போர்ப்ஸ் என்பவர் அவற்றைப் பார்த்து, "இவை கிரிடேஷியஸ் காலத்தவை" என்று சொன்னார். சாக்கட்டிப் பாறைகள் ஐரோப்பாவில் படிந்த காலத்திற்கு அந்தப் பெயர். பிறகு 1850-களின் இறுதியில் ஹென்றி பிளான்போர்டு என்ற இளைஞர் இந்த வெயிலில் ஊர் ஊராக நடந்து அடுக்குகளைப் படம் வரைந்தார். (இவரே பின்னால் இந்திய வானிலை இலாகாவின் முதல் தலைவராகி, இமயமலையில் விழும் பனியைக் கொண்டு பருவ மழையை முன்கூட்டிச் சொல்ல முயன்றவர். கல்லைப் படித்தவருக்கு மேகம் எம்மாத்திரம்!)

பிளான்போர்டு கண்டது இதுதான். மேற்கே, ஊட்டத்தூர்ப் பக்கத்தில் மிகப் பழைய கருங்கல் பாறை. அதன்மேல் சாய்ந்தாற்போல் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்து கிடக்கின்றன, ஒன்றின்மேல் ஒன்றாகக் கடல் அடுக்குகள். ஆகவே ஊட்டத்தூரிலிருந்து கிழக்கே நடப்பவன் காலத்தில் மேலே ஏறுகிறான். மாட்டு வண்டியில் போனாலும் இரண்டு நாளில் சுமார் ஐந்து கோடி வருஷத்தைக் கடந்துவிடலாம்!

முதலில் தெரணிக் களிமண்ணில் இலைகளின் அச்சுகள். அவை நிலத்துச் செடிகள். அப்போது இங்கே கடல் இல்லை. அடுத்து, காரை என்னும் ஊருக்கு அருகில் மழை அரித்து அரித்துக் கிழித்துப் போட்ட செம்மண்ணும் சாம்பல் நிறக் களியுமான நிலம். அந்தக் களி மிக மிக நுண்ணியது. அலை அடிக்கும் கரையில் நுண்ணிய சேறு தங்காது. ஆகவே அது கரையைவிட்டு விலகிய அமைதியான கடலின் அடித்தளம். அதில் துப்பாக்கித் தோட்டாக்களைப் போல் சிதறிக் கிடப்பவை பெலம்னைட்டுகள். கணவாய் மீனின் தாயாதி ஒன்றின் உடலுக்குள்ளே இருந்த கூர்முனை. இன்னும் கிழக்கே கருடமங்கலத்தில் கிளிஞ்சல்கள் நெருக்கியடித்துக் கொண்டு இறுகிய சுண்ணாம்புப் பாறை. அதை அறுத்து மெருகிட்டு "திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல்" என்று அலங்காரப் பொருள்கள் செய்து விற்றதுண்டு. அவ்வளவு கிளிஞ்சலை ஓரிடத்தில் வாரிக் குவிக்க அலை வேண்டும். ஆகவே கடல் அங்கே ஆழம் குறைந்துவிட்டது.

அந்தக் கட்டத்தைச் சேர்ந்ததுதான் சாத்தனூர்க் கல் மரம். பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளம். ஓடைக் கரையில் படுத்திருக்கிறது. இதை 1940-ல் வெளி உலகத்திற்குத் தெரிவித்தவர் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சாவூர் ஜில்லாக்காரரான இவர் 1951-ல் அந்த இலாகாவின் முதல் இந்தியத் தலைவரானார். மரம் கடல் அடுக்கில் கிடப்பது எப்படி? கடலில் மரம் முளைப்பதில்லை. கரையில் நின்ற மரத்தை வெள்ளம் கொண்டுவந்து கடலில் சேர்த்திருக்க வேண்டும். நீரில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் ஒவ்வொரு கண்ணறையிலும் புகுந்து, நார் அழிய அழிய அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டது. ஆளை மாற்றினாலும் ஆசனத்தை மாற்றாத காரியம்! அதனால்தான் இத்தகைய கல் மரத்தை மெல்லிய சீவலாகத் தேய்த்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது எந்த ஜாதி மரம் என்று சொல்ல முடிகிறது. இது தேவதாரு, சவுக்கை நினைவூட்டும் ஊசியிலை மரங்களின் இனத்தது. சவுக்கை உண்மையில் அந்த இனத்தில் சேர்ந்ததல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தாவர சாஸ்திரம் படித்த நேயர்கள் சும்மா விடமாட்டார்கள்.

அரியலூரையும் கடந்து கல்லமேட்டுக்கு வந்தால் கடல் விலகிவிட்டது. மணலும் களியும் ஆறு கொண்டுவந்தவை. அவற்றில் டைனோஸார்களின் எலும்புத் துண்டுகள், முதலைகளின் பற்கள். அந்தப் பற்களில் சில, மடகாஸ்கர் தீவில் கிடைத்த ஒரு விசித்திரமான முதலையின் பற்களை மிகவும் ஒத்திருக்கின்றன. இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து சுமார் இரண்டு கோடி வருஷம் கழிந்த பிறகு வாழ்ந்த முதலைகள் இப்படி ஒத்திருப்பானேன் என்பது இன்னும் தீராத வழக்கு. கடைசியாக நின்னியூரில் கடல் மறுபடியும் வருகிறது. ஆனால் பழைய கடலில் கும்பல் கும்பலாக இருந்த அம்மோனைட்டுகளில் ஒன்றைக்கூட அதில் காணோம். அவற்றின் தாயாதியான நாட்டிலஸ் மட்டும் இருக்கிறது. இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே, 6.6 கோடி வருஷத்திற்கு முன், உலகமெங்கும் ஒரு பெரும் சாவு நிகழ்ந்தது. 1980-ல் அமெரிக்காவில் ஆல்வரெஸ் என்ற தந்தையும் மகனும், இத்தாலி நாட்டுக் குப்பியோவில் அந்தக் காலத்தைச் சேர்ந்த ஒரு விரற்கடை களிமண்ணில் இரிடியம் என்ற உலோகம் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டு, வானத்திலிருந்து பெருங்கல் ஒன்று விழுந்தது என்றார்கள். விழுந்த பள்ளம் மெக்ஸிகோவில் இருப்பது 1991-ல் நிச்சயமாயிற்று. நின்னியூர்ப் பாறையில் அம்மோனைட் இல்லாததை நூறு வருஷத்திற்கு முன்பே ஒருவர் குறித்து வைத்திருந்ததால்தான், மெக்ஸிகோவில் விழுந்த கல்லுக்கு நமது ஊரிலும் சாட்சி அகப்படுகிறது.

குறித்து வைத்தவர்களில் முக்கியமானவர் பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா. மொரேவியாவில் பிறந்து, 1862-ல் கல்கத்தாவிற்கு வந்து, இந்தத் தென்னிந்தியக் கிளிஞ்சல்கள் ஆயிரக்கணக்கானவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, படம் வரைவித்து, பெயரிட்டு, 1873 வரையில் பெரும் பெரும் புத்தகங்களாக வெளியிட்டவர். மறு வருஷமே யார்க்கண்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், லடாக்கின் உயர்ந்த மலைக் கணவாய்களில் மூச்சு முட்டி, முப்பத்தாறாம் வயதில் இறந்தார். லே நகரில் அவருடைய சமாதி இருக்கிறது. அரியலூரில் அவர் பெயர் தெரிந்தவர் எத்தனை பேரோ?

இதுவரையில் சொன்னதெல்லாம் முன், பின் என்ற வரிசை மட்டுமே. கோடி என்ற எண் எங்கிருந்து வந்தது? நேயர் கேட்பதும் அதுதானே?

இந்த எண்ணுக்காக ஒரு பெரிய சண்டையே நடந்தது. 1862-ல் கெல்வின் பிரபு, பழுக்கக் காய்ந்த உருண்டையாகத் தொடங்கிய பூமி இன்றைய நிலைக்கு ஆறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போட்டார். 2 கோடி முதல் 40 கோடி வருஷத்திற்குள் என்று விடை வந்தது. பிறகு வர வர அதையும் குறைத்துக்கொண்டே போனார். பாறைகளின் கனத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காலம் போதவில்லை. ஆனால் கெல்வினோ உலகப் பிரசித்தி பெற்ற கணித நிபுணர். அவரை எதிர்த்து வாய் திறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? 1895-ல் அவரிடமே உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி, "கணக்கில் பிழை இல்லை, பூமியின் உட்புறம் அசையாத கட்டி என்று வைத்துக்கொண்டதுதான் பிழை. உள்ளே மெல்ல மெல்லப் புரளுமானால் காலம் பல மடங்கு நீளும்" என்று சொல்லிப் பார்த்தார். கேட்பார் இல்லை. மறு வருஷம் பெக்கரல் என்ற பிரெஞ்சுக்காரர் யுரேனியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கிரணங்கள் வெளிப்படுவதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து பிறந்தது கல்லுக்குள் இருக்கும் கடிகாரம்.

யுரேனியம் தானே சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. ஒரு வகை யுரேனியத்தில் பாதி ஈயமாவதற்கு 447 கோடி வருஷம் ஆகும். இன்னொரு வகைக்குச் சுமார் 70 கோடி வருஷம். சூடோ, குளிரோ, அழுத்தமோ இந்த வேகத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. நமது மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் கிடைக்கும் ஸிர்கான் என்ற பொடிப் பொடியான மணிகள் இதற்கு மிகவும் உகந்தவை. எரிமலைக் குழம்பு ஆறும்போது ஸிர்கான் மணி பிறக்கிறது. பிறக்கும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. ஆகவே பிறகு அதற்குள் காணும் ஈயமெல்லாம் உள்ளேயே பிறந்ததுதான். இரண்டு வகை யுரேனியமும் இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே மணியைக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்கள்; மாறுபட்டால் அந்த ஸிர்கான் நடுவில் அடிபட்டது என்று சந்தேகிப்பார்கள். இந்த வழியில் ஆர்தர் ஹோம்ஸ் என்ற மாணவர் 1911-ல் பாறைகளுக்கு வயது சொல்லத் தொடங்கினார். விண்கல் ஒன்றின் ஈயத்தைக் கொண்டு பூமியின் வயது 455 கோடி என்று பாட்டர்ஸன் 1956-ல் நிலைநாட்டினார்.

ஆனால் அரியலூர்க் களிமண்ணை இந்தக் கடிகாரத்தில் வைத்துப் பார்க்க முடியாது. களிமண் எங்கிருந்தோ அரித்து வந்தது. அதிலுள்ள ஸிர்கான் தாய்ப் பாறையின் வயதைத்தான் சொல்லும். ஆகவே, கடல் அடுக்குகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் விழுந்து கிடக்கும் பிற தேசத்து இடங்களில் சாம்பலுக்கு வயது காண்கிறார்கள். அந்தச் சாம்பலுக்கு மேலும் கீழும் எந்த அம்மோனைட் இருக்கிறதோ, அதே அம்மோனைட் காரையில் இருந்தால் காரைக்கும் அந்த வயது. நேராக வயது காணக் கூடிய எரிமலைப் பாறையும் நமக்கு அருகில் இல்லாமல் போகவில்லை. உடுப்பிக்கு எதிரே கடலில் உள்ள செயிண்ட் மேரி தீவுகளின் தூண் தூணான பாறைகள் அப்படிப்பட்டவை. அவற்றின் வயதும் மடகாஸ்கரில் அதே காலத்தில் கக்கிய எரிமலைப் பாறைகளின் வயதும் ஒத்துச் சுமார் 8.8 கோடி என்று வருகிறது. இரு நிலங்களும் பிரிந்த சமயம் அதுவே என்பதற்கு அதுதான் ஆதாரம்.

காலம் மட்டும் அல்ல, வெயிலும் குளிரும்கூடக் கல்லில் பதிந்திருக்கின்றன. 1951-ல் அமெரிக்காவில் ஹெரால்டு யூரே என்ற ரசாயன நிபுணர், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் கிடைத்த பெலம்னைட் ஒன்றை எடுத்துக்கொண்டார். நமது காரையில் சிதறிக் கிடக்கும் தோட்டாக்களின் இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இன்னும் பழையது. மரத்தைப் போல் அதுவும் வளையம் வளையமாக வளர்ந்தது. பிராண வாயுவில் கனமான வகை, இலேசான வகை என்று உண்டு. கடல் நீரின் சூட்டைப் பொறுத்து அந்த இரண்டும் ஓட்டில் சேரும் விகிதம் மாறும். ஒவ்வொரு வளையத்தையும் சுரண்டி அளந்து, அந்தப் பிராணி சுமார் நான்கு வருஷம் வாழ்ந்தது, இளமையில் வெதுவெதுப்பான நீரிலும் முதுமையில் சற்றுக் குளிர்ந்த நீரிலும் இருந்தது, இறந்தது ஒரு வசந்த காலத்தில் என்று யூரே சொன்னார். பல பேரின் சொந்தக் கொள்ளுத்தாத்தா எந்தப் பருவத்தில் காலமானார் என்று கேட்டால் திதியைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது!

இனி, மூடுபனியின் கதை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கும் இந்துப்பு, இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் உப்பு மலையில் கேவ்ரா முதலிய சுரங்கங்களிலிருந்து வெட்டி எடுப்பது. அந்த உப்பு அடுக்கின் மேல் கேம்பிரியக் காலத்துப் பாறைகள் இருக்கின்றன. டிரைலொபைட் என்ற, பிள்ளைப்பூச்சி போன்ற கடற்பிராணியின் பாஸில்கள் அவற்றில் உண்டு. அவற்றின் வயது 50 கோடி வருஷத்திற்கு மேல். அடியில் இருப்பது முந்தியது என்ற விதிப்படி உப்பு அதற்கும் பழையதாக வேண்டும். ஆனால் 1940-களில் லக்ஷ்மணபுரி சர்வகலாசாலையின் பேராசிரியர் பீர்பல் ஸாஹ்னி இந்த வழக்கில் நுழைந்தார். பாஸில் தாவர ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர். 1936-லேயே லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானவர். உப்பு மலைக்கு அருகிலுள்ள பேரா என்ற ஊரில் பிறந்தவர். அவர் உப்பையும் அதைச் சார்ந்த களிக்கல்லையும், வெளித் தூசி கலவாதபடி எச்சரிக்கை செய்துகொண்டு கரைத்துப் பார்த்தார். கசடில் மர நார்த் துணுக்குகள், இலைத் தோல், பூச்சிகளின் உறுப்புகள்! கேம்பிரியக் காலத்தில் உலகில் மரமே கிடையாது, பூச்சியும் கிடையாது. ஆகவே இந்த உப்பு இயோஸீன் காலத்தது, ஐந்து கோடி வருஷத்திற்குள்தான் என்று ஸாஹ்னி தீர்ப்புச் சொன்னார்.

அப்படியானால் பழைய பாறை மேலே எப்படி வந்தது? இமயமலை எழுந்த நெருக்கடியில் பழைய அடுக்குகள் பெயர்ந்து புதிய அடுக்குகளின் மேல் ஏறி உட்காருவது உண்டு. அலமாரியில் குழந்தை கைவைத்த கதை இதுதான். அந்த மலைத்தொடரில் அப்படிப்பட்ட ஏற்றம் உண்மையாகவே நிகழ்ந்திருக்கிறது. ஆகவே ஸாஹ்னி சொன்னது வீம்புப் பேச்சல்ல. இரண்டு நல்ல சாட்சிகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசிய வழக்கு அது. 1944-ஐ ஒட்டி இதற்கென்றே அறிஞர்களின் விவாத சபைகள் கூடின.

ஸாஹ்னி 1949 ஏப்ரல் 10-ஆம் தேதி காலமானார். ஒரு வாரத்திற்கு முன், ஏப்ரல் 3-ஆம் தேதிதான், அவர் நிறுவிய பாஸில் தாவர ஆராய்ச்சிக் கழகத்தின் கட்டடத்திற்குப் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டியிருந்தார். பலவிதப் பாஸில்களைப் பதித்துச் செய்த கல் அது. உப்பு வழக்கின் முடிவைக் காண ஸாஹ்னி இருக்கவில்லை; முடிவு அவருக்குச் சாதகமாகவும் இல்லை. மலைக்குத் தெற்கே, அடுக்குகள் மடிந்து புரளாத சமவெளியில், எண்ணெய் தேடி ஆழத் துளைத்தபோதும் கேம்பிரியப் பாறைக்கு அடியில்தான் உப்பு இருந்தது. அங்கே கைவைத்த குழந்தை யாரும் இல்லை. உப்பு ஏறத்தாழ 54 கோடி வருஷமோ, அதற்கும் சற்று முந்தியதோதான் என்பது இன்று நிலைபெற்ற கொள்கை. அப்படியானால் மரத் துணுக்கு எப்படி வந்தது? உப்பு மற்றக் கற்களைப் போன்றதல்ல. நீர் பட்டால் கரையும், மறுபடி உறையும், அழுத்தினால் மெழுகு போல் நகரும். பிற்காலத்துத் தூசியை நீர் உள்ளே கொண்டுபோக, உப்பு அதை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றே கருதுகிறார்கள். கட்டியின் வெளிப்புறத்தை எவ்வளவு கழுவினாலும் என்ன? தூசி மனிதன் வருவதற்கு முன்பே உள்ளே போய்விட்டது. இதைப் படித்தபின் ஸாஹ்னியிடம் எனக்கு மதிப்புக் கூடிற்றே தவிரக் குறையவில்லை. அவர் தம் துணுக்குகளையும், அவற்றை எடுத்த இடங்களையும், எடுத்த முறையையும் ஒளிக்காமல் வெளியிட்டார். அதனால்தான் மற்றவர்கள் அவரை மறுக்க முடிந்தது.

எடுத்த இடம் என்றேன். நமது அரியலூர் விஷயத்தில் இப்போது ஆபத்து வந்திருப்பது அதற்குத்தான். அந்த ஜில்லா முழுவதும் சுண்ணாம்புக் கல். சுண்ணாம்புக் கல் இருந்தால் சிமெண்டுக்கு வெட்டாமல் விடுவார்களா? வெட்டுவதிலும் ஒரு நன்மை இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. மண்ணுக்கு அடியில் யாரும் காணாத அடுக்குகளைச் சுரங்கத்தின் சுவர்தான் திறந்து காட்டுகிறது. இந்தியாவின் பூகர்ப்ப மாணவர்கள் வருஷந்தோறும் வந்து படிப்பது அந்தச் சுவர்களில்தான். ஆனால் இன்று திறந்த ஏடு அடுத்த மாதம் சூளையில். கல் மரத்தைச் சாத்தனூரில் வேலி போட்டு, தேசியப் பூகர்ப்பச் சின்னம் என்று காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கத்துத் திருவக்கரை மரங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. வாரணவாசியில் பாஸில் காட்சிசாலை ஒன்றும் இருக்கிறது. அடுக்குகளுக்கு வேலி ஏது?

2020-ல் குன்னத்துக்கு அருகே ஓரிடத்தில் மண் எடுக்கும்போது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடைத்தன. டைனோஸார் முட்டை என்று ஊர் முழுவதும் பேச்சு. ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். நிபுணர்கள் வந்து, "முட்டை அல்ல, அம்மோனைட் ஒன்றை நடுவில் வைத்து அதைச் சுற்றிச் சுண்ணாம்பு உருண்டு திரண்ட கல்" என்றார்கள். சாளக்கிராமம் உருவானது போலவேதான். எப்படிச் சொன்னார்கள் என்று நேயர்கள் இந்நேரம் ஊகித்திருப்பார்கள். குன்னத்து அடுக்கு கடலடிச் சேறு. டைனோஸார் கடலுக்குள் போய் முட்டையிடுவதில்லை. கற்கள் அடுக்கிலேயே இருந்ததால் இவ்வளவு எளிதாகச் சொல்ல முடிந்தது. அவற்றில் ஒன்றை யாராவது முன்பே எடுத்துப் போய்ச் சென்னையில் ஒரு வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தால், "எங்கோ தெற்கே கிடைத்தது" என்பதற்கு மேல் அந்தக் கல்லுக்கு மேல்விலாசம் கிடையாது.

அப்பக்கத்து நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிணறு வெட்டும்போதோ, ஓடை அரிக்கும்போதோ சுருளோ தோட்டாவோ எலும்போ கண்ணில் பட்டால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு குச்சியை வைத்துப் படம் எடுங்கள். தரையிலிருந்து எவ்வளவு ஆழம், அதற்கு மேலே எந்த நிற மண், கீழே எந்த நிற மண் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பிறகு அருகிலுள்ள கல்லூரியில் பூகர்ப்ப சாஸ்திரம் கற்பிக்கிறவருக்குச் சொல்லி அனுப்புங்கள். மழைக்காலம் முடிந்த மறு வாரம் காரைப் பக்கம் நடந்து பார்ப்பது நல்லது. ஒவ்வொரு மழையும் பழைய சேற்றைக் கழுவிப் புதிய தோட்டாக்களை வெளியே தள்ளிவிட்டுப் போகிறது.